பத்தாவது ஆள்

புரூக்ளினின் மிட்வுட் பகுதியில், அவென்யூ ஜே பக்கம் ஒரு சின்ன ஜெப ஆலயம். அங்கே காலை 6.15 மணி ஜெபத்துக்கு நான் போக ஆரம்பித்தபோது எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. அப்பா இறந்திருந்தார். பெற்றோர் போய்விட்டால் பிள்ளை 11 மாதம் 'கத்தீஷ்' சொல்ல வேண்டும் என்பது எங்கள் யூத வழக்கம். அரமேய மொழியில் இறைவனைத் துதிப்பது அது. சாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் வராது. வீட்டில் தனியாகச் சொல்லவும் முடியாது, பத்துப் பேர் கூட வேண்டும். அந்தப் பத்துக்குப் பெயர் மின்யான். எங்களுடையது பழைய மரபு என்பதால் ஆண்களை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். பெண்களையும் சேர்க்கும் ஆலயங்கள் உண்டு.

வேலையும் அப்போதுதான் போயிருந்தது. 23 வருஷம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் நான். இனி கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் வாரமே ஒரு முட்டாள்தனம் செய்தேன். சனிக்கிழமை ஜெபம் முடிந்து எல்லோரும் நின்றபடி ஹெர்ரிங் மீனும் சோலெந்த் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அச்சுத் தொழிலில் இருந்த ஒருவரிடம் போய் "உங்களிடம் ஏதாவது வேலை இருக்குமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தட்டோடு மேசையின் மறுகோடிக்குப் போய்விட்டார். ஓய்வுநாளில் தொழில் பேசக் கூடாது. சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம்தான். கவலையில் புத்தியில் உறைக்கவில்லை. வேலை தேடுகிறவர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: சனிக்கிழமை வாயைத் திறக்காதீர்கள்.

அதன்பின் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. போனேன், கத்தீஷ் சொன்னேன், வந்தேன். ஜனவரியில் பனி கொட்டும் நாட்களில் ஆள் சேராது. ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் எங்களுக்கு ஆகாது, கண்ணேறு என்பார்கள். பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வசனத்தை முணுமுணுத்து, ஆளுக்கொரு சொல்லாக வைத்துப் பார்ப்பார்கள். கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லாமல் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே நுழைந்து பாருங்கள். வேலை போன மனுஷனுக்கு அதைப் போல மருந்து கிடையாது. தினமும் ஒரே இடத்தில் உட்காருவதும் நல்லது, பக்கத்தில் இருப்பவர் நாம் வராத நாளைக் கவனிப்பார். என் பக்கத்து இருக்கை எண்பதை நெருங்கும் ஒரு கிழவருடையது. இரண்டு மாதம் எங்களுக்குள் தலையசைப்போடு சரி.

திங்களும் வியாழனும் காலையில் எங்கள் வேதமான தோராவின் சுருளைத் திறந்து வாசிப்பார்கள். ஒரு வியாழக்கிழமை என்னை மேடைக்கு அழைத்தார்கள். அழைக்கப்பட்டவர் வாசிப்பவரின் பக்கத்தில் நின்று சுருளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தேன், பழக்க தோஷத்தோடு. எபிரேய 'தாலெத்' எழுத்துக்கு வலது மேல்மூலை கூர்மையாக இருக்க வேண்டும். அது வழுவழுவென்று வளைந்துவிட்டால் 'ரேஷ்' ஆகிவிடும். மூன்றாம் வரியில் ஒரு தாலெத்தின் மூலை தேய்ந்திருந்தது. விரலை வைக்கக் கூடாது என்பதால் ஜெபச் சால்வையின் நுனியால் சுட்டிக் காட்டினேன்.

வாசிப்பு நின்றது. சந்தேகம் வந்தால் சின்னப் பையனைக் கேட்பது விதி: எழுத்து தெரிந்திருக்க வேண்டும், அர்த்தம் தெரிந்திருக்கக் கூடாது. அப்பாவோடு வந்திருந்த ஆறு வயதுப் பையனை நாற்காலியில் ஏற்றி நிறுத்தினார்கள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரேஷ்" என்றான். ஒரு தோராவில் 3,04,805 எழுத்துகள். ஒன்று கெட்டாலும் திருத்தும்வரை அந்தச் சுருள் வாசிப்புக்கு ஆகாது. வேறு சுருளை எடுத்து வந்தார்கள்.

ஜெபம் முடிந்ததும் கிழவர் என் கையைப் பிடித்தார். "இருந்து காபி குடித்துவிட்டுப் போ." அவர் சோஃபேர், தோல்தாளில் இறகுப் பேனாவால் வேதம் எழுதுகிறவர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கண் மங்கி வருவதால் சரிபார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தாராம்.

அவரிடம் ஆறு மாதம் பாடம் கேட்டேன். வாசல் நிலைகளில் பதிக்கும் மெசூசா என்ற சிறு வேதச் சுருளில் 713 எழுத்துகள். ஏழு வருஷத்தில் இரண்டு முறை அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. கூலி சுமார்தான், பழைய சம்பளத்தில் பாதி வந்தால் நல்ல மாதம். ஸ்கேன் செய்து எழுத்து விட்டுப்போனதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும். ஆனால் இரண்டு எழுத்துகள் மயிரிழையில் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்க இன்னும் கண்ணும் லென்ஸும் வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டரால் வேலை இழந்த எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

அப்பா வீட்டு வாசல் நிலையிலிருந்த மெசூசாவையும் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஈரம் பட்டு நடுவில் நான்கு எழுத்துகள் கரைந்து போயிருந்தன. தோராவில் என்றால் பிறகு எழுதிச் சேர்க்கலாம். மெசூசாவை முதலிலிருந்து வரிசையாக எழுத வேண்டும், நடுவில் புகுந்து எழுத விதியில்லை. கிழவர் லென்ஸை வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு அதைத் துணியில் சுற்றி, புதைக்க வேண்டிய பழைய ஏடுகளோடு வைத்தார்.

அடுத்த வாரம் புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். முழு விலை வாங்கிக்கொண்டார். நான் அதைச் சரிபார்த்த கூலியை மட்டும் கழித்துக்கொண்டு.