துபாய்ச் செலவு: கேள்விப்பட்டதும் கணக்கும்

வெளிநாட்டு வேலை என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, சம்பளம் எவ்வளவு என்பது. அடுத்ததாக எழ வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. மாதச் செலவு என்ன ஆகும், அதில் எதைக் கம்பெனி ஏற்கும், எது நம் தலையில் விழும் என்று விசாரிக்க வேண்டிய இடத்தில், அடுத்த தெருப் பையன் விடுமுறையில் வந்தபோது சொன்னதும், மாமா முறையில் ஒருவர் பத்தாண்டுகளுக்கு முன்பு சொன்னதும் கணக்காகிவிடுகின்றன. துபாயைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளில் பல இப்படிக் காதுவழி வந்தவை. விமானம் ஏறுவதற்கு முன்பே கடனை வாங்கிவிடும் வழக்கமுள்ள நாம், அவற்றை ஒருமுறையாவது உரசிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தாய் போன்ற நம்பிக்கை ஒன்று உண்டு: திர்ஹமை இன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கினால் உண்மையான சம்பளம் தெரிந்துவிடும். "அஞ்சாயிரம் திர்ஹமா? அப்போ லட்சத்துக்கு மேல வருதே!" என்று நொடியில் கணக்குப் போட்டுவிடுகிறோம். பெருக்கல் சரிதான். ஆனால் திர்ஹமில் வாங்கும் சம்பளத்தில் பெரும்பகுதி திர்ஹமிலேயே செலவாகிறது. வாடகை, போக்குவரத்து, சாப்பாடு, போன் எல்லாம் போன பிறகு கையில் நிற்பதை மட்டுமே ரூபாயாக மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் செய்யும் பெருக்கல் எல்லாம் காகிதத்தில் மட்டும்தான். இதே பிழையைத் தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. போய் இறங்கிய புதிதில் ஒவ்வொரு சாயாவையும், ஒவ்வொரு முடிவெட்டலையும் ரூபாயாக்கிப் பார்த்து அதிர்ந்து, குப்பூஸ் ரொட்டியை வாங்கி வயிற்றை நிரப்பிக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்பவர்களை அங்கே எந்த அறையிலும் பார்க்கலாம்.

மாற்று விகிதம் வேறு, விலைவாசி வேறு. 2017ஆம் ஆண்டுக்கான பன்னாட்டு விலை ஒப்பீட்டின்படி, அப்போது ஒரு டாலரின் சந்தை மதிப்பு 65.12 ரூபாய். ஆனால் ஒரு டாலருக்கு அமெரிக்காவில் என்ன கிடைக்குமோ, அதை இந்தியாவில் வாங்க சராசரியாக 20.65 ரூபாய் போதுமானதாக இருந்தது. துபாய் அமெரிக்கா ஆகிவிடாது. ஆனாலும் நம் ஊர் விலையைவிட அதன் விலைகள் பல படிகள் மேலேதான் நிற்கின்றன. அந்த இடைவெளியும் எல்லாப் பொருளுக்கும் ஒன்றாக இல்லை. மடிக்கணினியும் தங்கமும் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே விலைக்கு விற்கும். மனித உழைப்பும் இடமும் கலந்தவற்றில், அதாவது வாடகை, பள்ளிக் கட்டணம், வீட்டுக்கு வந்து குழாய் பழுதுபார்ப்பவரின் கூலி ஆகியவற்றில்தான் வித்தியாசம் விரிகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணால் பெருக்கினால் எதுவும் சரியாக வராது. ஆனாலும் இந்தப் பழக்கம் நம்மை விடுவதாக இல்லை. கல்யாணப் பேச்சிலும் சரி, நிலம் வாங்க முன்பணம் கொடுக்கும்போதும் சரி, பெருக்கி வந்த தொகைதான் சபையேறுகிறது. மிச்சத் தொகையைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று போனவரும் வாய் திறப்பதில்லை.

இதன் கிளைதான், ரூபாய் சரிந்தால் நமக்கு லாபம் என்பது. திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. எனவே டாலர் ஏறினால் திர்ஹமும் ஏறும். 2011இல் ஒரு திர்ஹத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய் கிடைத்தது. இன்று இருபதைத் தாண்டிவிட்டது. ஊருக்கு அனுப்பும் தொகை பெருத்தது உண்மை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒரு திர்ஹம்கூடச் சம்பளம் ஏறாத ஒருவர், ரூபாய்க் கணக்கைப் பார்த்து ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். அங்கே வாடகை ஏறியிருக்கிறது. இங்கே அவர் கட்டத் தொடங்கிய வீட்டுக்கான சிமென்ட்டும் கூலியும் ஏறியிருக்கின்றன. சம்பள உயர்வு கேட்க வேண்டியவரை ரூபாயின் சரிவு சமாதானப்படுத்தி உட்கார வைத்துவிடுகிறது.

"அங்கே வரியே கிடையாது" என்பதும் பாதி உண்மை. சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அது பெரிய சலுகைதான். ஆனால் 2018 ஜனவரி முதல் பெரும்பாலான பொருள்கள், சேவைகள் மீது 5 சதவீத வாட் இருக்கிறது. துபாயில் வாடகைக்குக் குடியிருக்கும் வெளிநாட்டவரிடம் ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக வசூலிக்கப்படுகிறது. 'தேவா' என்று எல்லோரும் அழைக்கும் மின்சார, குடிநீர் வாரியத்தின் மாத பில்லிலேயே அது பிரித்துச் சேர்ந்து வருவதால் பலர் அதை மின் கட்டணம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கார் வைத்திருந்தால் சாலிக் சுங்கமும் உண்டு. வரி கட்டும் நாடுகளில் வரிக்கு ஈடாகக் கிடைக்கும் பள்ளிப் படிப்பும் முதுமைக் கால ஓய்வூதியமும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அங்கே அரசிடமிருந்து கிடைக்காது. அவற்றைத் தன் சட்டைப்பையிலிருந்தே வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல், மிச்சமான வரியை மட்டும் சேர்க்கிறோம்.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது வாடகைதான். "மாசம் அஞ்சாயிரம் வாடகை, முதல் மாசச் சம்பளம் வந்ததும் வீடு பார்த்துக்கலாம்" என்று நம் ஊர் வழக்கப்படி நினைத்துப் போகிறார்கள். துபாயில் வாடகையை ஆண்டுக் கணக்கில்தான் பேசுவார்கள். பின்தேதியிட்ட காசோலைகளாக ஒன்று, இரண்டு, நான்கு என்று கொடுக்கச் சொல்வது பரவலான வழக்கம். ஆண்டுக்கு 60,000 திர்ஹம் என்று ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். நான்கு காசோலை என்றால் முதலாவது 15,000. ஏஜென்ட் கமிஷன் வழக்கமாக 5 சதவீதம், அதாவது 3,000. அதன் மேல் வாட் 150. வீட்டுக்காரருக்கு டெபாசிட் இன்னொரு 5 சதவீதம், 3,000. மின் இணைப்புக்கு டெபாசிட் 2,000. 'எஜாரி' என்னும் ஒப்பந்தப் பதிவுக்குச் சில நூறு. கட்டிலும் அடுப்பும் வாங்குவதற்கு முன்பே 23,000 திர்ஹத்துக்கு மேல் போய்விடுகிறது. மாதம் பத்தாயிரம் வாங்குபவருக்கு இது இரண்டு மாதச் சம்பளத்தையும் தாண்டியது. காசோலைக்கு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு அங்கே வசிப்பதற்கான அட்டை வேண்டும் என்ற தாமதம் வேறு. இந்த முதல் மூன்று மாத ஓட்டைதான் பலரைக் கடன் அட்டையின் வாயில் தள்ளுகிறது. விளம்பரத்தில் 'சில்லர் ஃப்ரீ' என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். போட்டிருந்தால் குளிரூட்டும் செலவு வாடகைக்குள் அடக்கம். இல்லையென்றால், ஜூலை மாதத்தில் அந்தப் பில்லைக் கையில் வாங்கும்போது வாடகையில் மிச்சம் பிடித்தது எங்கே போனது என்று விளங்கும்.

"அப்படியானால் ஷார்ஜாவில் இருந்துகொள்ளலாம்" என்பது இதற்கு உடனே வரும் பதில். வாடகை அங்கே குறைவுதான். ஆனால் துபாய் மெட்ரோ ஷார்ஜாவுக்குப் போவதில்லை. காலையில் இரண்டு ஊர்களையும் இணைக்கும் இத்திஹாத் சாலையில் நிற்கும் வண்டிகளின் வரிசையில் பெட்ரோலும் நேரமும் சேர்ந்து எரிகின்றன. தினம் மூன்று மணி நேரம் சாலையில் இருப்பவர் ஓவர்டைம் பார்க்க முடியாது என்பதையும் வாடகையோடு சேர்த்துக் கூட்ட வேண்டும். பெட் ஸ்பேஸ், அதாவது பகிர்ந்த அறையில் ஒரு கட்டில் மட்டும் எடுத்தால் மலிவு என்பதும் அப்படித்தான். அனுமதியில்லாமல் பலகை வைத்துத் தடுத்த அறையாக இருந்தால், நகராட்சி சோதனைக்கு வரும் நாளில் மூட்டை கட்ட வேண்டியவர் குடியிருப்பவரே.

படித்தவர்களிடம் வேறு வகை நம்பிக்கை ஒன்று உண்டு. உலகின் விலையுயர்ந்த நகரங்கள் என்று ஆண்டுதோறும் செய்தித்தாளில் வரும் தரவரிசையைப் பார்த்து, இந்த ஊர் கட்டுப்படியாகும், அந்த ஊர் ஆகாது என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். மெர்சர் நிறுவனத்தின் பட்டியலை எடுத்துக்கொண்டால், அது நியூயார்க்கை அடிப்படையாக வைத்து இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்கள், சேவைகளின் விலையை ஒப்பிடுகிறது. பன்னாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் தங்கள் அதிகாரிகளுக்கு எவ்வளவு படி தரலாம் என்று முடிவு செய்வதற்காகத் தயாரானது அது. துபாயின் கராமா பகுதியில் மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்து, மெஸ் சாப்பாடு சாப்பிடுபவரின் கூடையில் அந்தப் பொருள்களில் எத்தனை இருக்கும்? தவிர, நாணய மதிப்பு மாறினாலே வரிசை மாறும். டாலர் பலப்பட்டால் அதோடு கட்டப்பட்ட திர்ஹமும் பலப்பட்டு, கடையில் ஒரு விலைகூட ஏறாமலேயே துபாய் பட்டியலில் மேலே போகலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொன்னி அரிசியும் சாம்பார்ப் பொடியும் அங்கேயே நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. பெட்டி எடையில் பாதியை அரிசிக்குக் கொடுப்பது பாசம்; சிக்கனம் என்று அதற்குப் பெயர் வைக்க வேண்டாம்.

ஆனால் குடும்பத்தை அழைத்துக்கொள்வது குறித்த நம்பிக்கை கவனமாகப் பார்க்கத் தக்கது. "ஒருத்தருக்கு ஆகிறதுல ரெண்டு மடங்கு ஆகும், அவ்வளவுதான்" என்பார்கள். சாப்பாடு வேண்டுமானால் அப்படி ஏறும். பெட் ஸ்பேஸிலிருந்து தனி வீட்டுக்கு மாறும்போது வாடகை ஒரே தாவலில் பல மடங்காகிறது. பிள்ளைகளைத் தனியார் பள்ளியில்தான் சேர்க்க வேண்டியிருக்கும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்குள்ளேயே கட்டணம் பல மடங்கு வேறுபடுகிறது, பேருந்துக்குத் தனிப் பணம். துபாய் சட்டப்படி தொழிலாளியின் மருத்துவக் காப்பீடு முதலாளியின் பொறுப்பு. மனைவி, மக்களுக்கு எடுக்க வேண்டியது அவர்களை அழைத்துவந்தவரே. ஒரே சம்பளம் வாங்கும் இருவரில், வீடும் பள்ளிக் கட்டணமும் ஆண்டுக்கொரு விமானச் சீட்டும் கம்பெனி தரும் ஒருவருக்குத் துபாய் மலிவான ஊர். மற்றவருக்குத் தாங்காத ஊர். முன்னவர் சொன்னதைக் கேட்டுப் பின்னவர் குடும்பத்தை அழைத்து, கல்வியாண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழோடு திருப்பி அனுப்பும்போது, இழப்பு பணத்தோடு நிற்பதில்லை.

கடைசியாக, "திரும்பி வரும்போது மொத்தமாக ஒரு தொகை வரும்" என்ற நம்பிக்கை. வரும்தான். ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பின் ஆண்டுக்கு 30 நாள் சம்பளம் கிராஜுவிட்டியாகக் கிடைக்கும். ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டும். 5,000 திர்ஹம் வாங்குபவர் முழுச் சம்பளத்தையும் வைத்து ஐந்தாண்டுக்கு 17,500 என்று மனக்கணக்குப் போட்டிருப்பார். ஆஃபர் லெட்டரில் அடிப்படை 2,000, மீதி எல்லாம் படிகள் என்று பிரித்திருந்தால் அவருக்கு வருவது 7,000. அந்தப் பிரிப்பு முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். கையெழுத்துப் போடுகிற அன்று நம் கண் போவதோ அதற்குக் கீழே உள்ள மொத்தத் தொகைக்கு. உடனே பெருக்கத் தொடங்கிவிடுகிறோம்.