மின்சாரம் எடுத்த பிறகும் உரம் மிச்சம்

செம்பனை எண்ணெய் ஆலையைக் கடக்கும்போது மூக்கைப் பொத்தியிருக்கிறீர்களா? அந்த வாடை கழிவுநீருடையது. ஒரு டன் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை டன் கழிவுநீர் சேர்கிறது. காற்றுப்புகாத தொட்டியில் நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்தால் உயிர்வாயு கிடைக்கும். அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம்.

எஞ்சும் குழம்பை வெறும் சக்கை என்று எண்ணிவிடாதீர்கள். உயிர்வாயு பெரும்பாலும் மீத்தேனும் கரியமில வாயுவும்தான். இரண்டிலும் நைட்ரஜன் இல்லை, பாஸ்பரஸ் இல்லை, பொட்டாசியமும் இல்லை. அப்படியென்றால் அவை எங்கே? தொட்டியிலேயேதான். அதுமட்டுமல்ல, புரதத்தில் கட்டுண்டிருந்த நைட்ரஜனில் ஒரு பகுதி அம்மோனியமாகி, வேர் நேரடியாக உறிஞ்சும் நிலைக்கு வந்துவிடுகிறது. யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவை ஆலையில் தயாரிக்க இயற்கை எரிவாயுவும் 400 பாகை செல்சியஸ் அளவு வெப்பமும் தேவை! பொட்டாசிய உரத்தையோ மலேசியா வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது.

பிறகு ஏன் எல்லாத் தோட்டங்களும் இதைப் பயன்படுத்துவதில்லை? குழம்பில் பெரும்பகுதி தண்ணீர். தொலைவுக்கு லாரியில் ஏற்றினால் கட்டுப்படியாகாது. வெயிலில் மேலாகத் தெளித்தால் அம்மோனியா காற்றோடு போய்விடும். கண்ணைக் கரிக்கும் நெடி வந்தால், பறப்பது உரம்தான். கனமழைக்கு முன் கொட்டினாலோ ஆற்றில் கலந்து பாசியை வளர்க்கும். அதனால்தான் ஆலையை ஒட்டிய தோட்டங்களில், மரவரிசைகளுக்கு இடையே வாய்க்கால் வெட்டி, அளவோடு பாய்ச்சுகிறார்கள்.