சரக்கு நம்மைத் தேடி வரும் கிடங்கு

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி அருந்திக் கொண்டிருந்தபோது, ஹெப்பாள் தொழிற்பேட்டையில் கிடங்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். "சார், எங்க கோடவுன்ல ரோபோ போடப் போறாங்களாம். எங்க வேலை நிலைக்குமா?" என்று கேட்டார். அன்று எனக்குச் சரியாக விடை சொல்லத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் இருந்தவன், சரக்கைப் பற்றித் தெரியாது என்று சொல்லலாமா? அதன்பிறகு படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

தானியங்கிக் கிடங்கு புதிதல்ல. 1962-லேயே ஜெர்மனியில் பெர்ட்டெல்ஸ்மன் என்ற புத்தக நிறுவனத்துக்கு இப்படி ஓர் உயரக் கிடங்கு கட்டினார்கள். எங்கள் ரயில்வேக்காரர் கண்ணுக்கு இது ஒரு குட்டி ரயில்தான். இரண்டு வரிசை அலமாரிகளுக்கு நடுவே தரையில் ஒரே ஒரு தண்டவாளம், அதன்மேல் உயரமான கம்பத்துடன் ஒரு கிரேன். கம்பம் சாயாமல் இருக்க மேலேயும் ஒரு வழிகாட்டித் தண்டவாளம். கிரேன் முன்னும் பின்னும் ஓடும்போதே அதன் தட்டு மேலும் கீழும் போகும். உரிய இடம் வந்ததும் தட்டிலிருந்து முட்கரண்டி போன்ற கை நீண்டு, சரக்கை அலமாரியில் வைக்கும் அல்லது எடுக்கும். ஃபோர்க்லிஃப்ட் திரும்புவதற்கு மூன்று மீட்டர் அகலப் பாதை வேண்டும். இதற்கு அதில் பாதி போதும். உயரமோ 30 மீட்டருக்கு மேலும் போகலாம். நிலம் விலை ஏறிய ஊர்களில் இது எவ்வளவு பெரிய லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வகையில் அலமாரிக்குள்ளேயே தட்டையான வண்டி ஓடும். கேரேஜ் பணிமனைகளில் டிராவர்சர் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிராவர்சர் பக்கவாட்டில் நகர்ந்து வேறு லைனில் விடுவது போல, தாய் வண்டி ஒன்று குட்டி வண்டியைச் சுமந்துபோய் உரிய வரிசையில் இறக்கிவிடும். சில வண்டிகளுக்கு டிராவர்சரும் வேண்டாம். இரண்டு ஜோடிச் சக்கரம் இருக்கும். சந்திப்பு வந்ததும் ஒன்றைத் தூக்கி மற்றதை இறக்கினால் திசை மாறிவிடும். பாயின்ட் வைத்துப் பாடுபட்ட எங்களுக்கு இது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது!

நம் நாட்டில் இத்தகைய வண்டிகளைச் செய்யும் நிறுவனங்களில் ஒன்று ஆட்வெர்ப். 2016-ல் நொய்டாவில் தொடங்கியது. சங்கீத் குமார் முதலிய நிறுவனர்கள் அதற்கு முன் ஏசியன் பெயிண்ட்ஸில் பணியாற்றியவர்கள். பெயிண்ட் கிடங்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: எத்தனை நிறம், ஒவ்வொன்றிலும் எத்தனை அளவு டப்பா! நம் மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூடு தாலுகா இம்மாவில் 2018-ல் அந்த நிறுவனம் திறந்த ஆலை மட்டுமே தொடக்கத்தில் ஆண்டுக்கு 3 லட்சம் கிலோலிட்டர் திறன் கொண்டது. அந்தத் தலைவலியை அறிந்தவர்கள் மருந்து தேடியதில் வியப்பில்லை. 2022-ல் ரிலையன்ஸ் ரீடெய்ல் 13.2 கோடி டாலர் கொடுத்து ஆட்வெர்பில் 54 சதவீதப் பங்கை வாங்கியது.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். கிடங்கில் நடப்பது, தேடுவது, தூக்குவது ஆகிய மூன்றையும் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அதை மட்டுமே செய்பவர்களின் எண்ணிக்கை குறையும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. வாசலில் சரக்கை வாங்கி எண்ணிச் சரிபார்த்து லேபிள் ஒட்டுவதும், பழுது பார்ப்பதும் ஆளிடமே இருக்கின்றன. இவற்றில் முதலாவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன், காரணம் உண்டு.

நான் இளைஞனாக ஒரு பணிமனையில் இருந்தபோது, அவசரத்தில் ஒரு பேரிங்கை எடுத்து, தேவைப்படாததால் கைக்கு எட்டிய வேறொரு தட்டில் வைத்துவிட்டேன். பின் கார்டில் எழுதவில்லை. மூன்று நாள் கழித்து அது தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. ஸ்டோரில் இருந்த கலாசிக்கு மெமோ கொடுத்தார்கள். எனக்கு ஞாபகம் வந்தது மறுநாள்தான். போய்ச் சொல்ல இன்னும் ஒரு நாள் ஆயிற்று. மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அந்த ஒரு நாள் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

தானியங்கிக் கிடங்கில் கணிப்பொறி எந்தக் காலி இடத்திலும் சரக்கை வைக்கும். அடிக்கடி போகும் சரக்கை வாசலுக்கு அருகிலும், எப்போதாவது போவதை உள்ளேயும் வைக்கும். எது எங்கே என்று அதன் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். லேபிள் மாறி ஒட்டினால், தவறான சரக்கை மிகச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். பத்தாயிரம் தட்டுகளில் அதை யார் போய்த் தேடுவது?

ஆகவே தம்பியிடம், கம்பெனியில் இயந்திரம் நிறுவும் ஆட்கள் வரும்போது உதவிக்குத் தன்னைப் போடச் சொல்லிக் கேட்கச் சொன்னேன். மோட்டார், சென்சார், பார்கோடு பற்றி அப்போது கற்றுக்கொள்வது போலப் பின்னால் கற்க முடியாது. ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவர், ஆகையால் பிடித்துக்கொள்வார். வரும் ஞாயிறு வீட்டுக்கு வருகிறார். என் பழைய மின்சுற்றுப் புத்தகத்தை அவருக்காக எடுத்து வைத்திருக்கிறேன். எந்த அலமாரியில் வைத்தேன் என்று கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆயிற்று.