ஆவணிக் கல்யாணத்தை ஆனியிலேயே சொல்லுங்கள்

ஆவணி முதல் வாரத்தில் கல்யாணம் வைக்கிற வீடுகளில் வருஷா வருஷம் ஒரே சிக்கல். ஆடியில் பத்திரிகை வைக்கப் பலருக்கு மனம் வராது. ஆடி கழிந்து, குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்துவிட்டு ஊர் ஊராகக் கிளம்பினால், சொந்தக்காரர் கைக்கு அது போய்ச் சேரும்போது கல்யாணத்துக்கு நாலைந்து நாள்தான் பாக்கி இருக்கும். ரயிலில் இடம் கிடைக்காது. ஆம்னி பஸ்ஸில் முகூர்த்த நாள் கட்டணம் கேட்பார்கள். மார்கழி தாண்டித் தையில் வைக்கிற கல்யாணத்துக்கும் இதே கதிதான். அங்கே பொங்கல் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

பத்திரிகை அதன் வேளைக்கு வரட்டும். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். இதற்கென்று ஸ்டுடியோக்களில் ‘சேவ் தி டேட்’ வீடியோ எடுத்துத் தருகிறார்கள். ஆசையும் வசதியும் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெளியூர் அத்தைக்கு அந்த வீடியோவால் டிக்கெட் கிடைக்காது. பத்து ரூபாய் செலவில்லாமலும் இந்த வேலையை முடிக்கலாம். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்ற வரிசை மட்டும் தப்பக் கூடாது.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கும்வரை வெளியே யாருக்கும் சொல்லாதீர்கள். ஜோசியர் மூன்று முகூர்த்தம் குறித்துக் கொடுப்பார், மண்டபம் காலியாக இருப்பது மூன்றாவதில்தான் இருக்கும். சம்பந்தி வீட்டிலும் அந்தத் தேதிக்குச் சரி சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வீட்டாரும் ஒரே வாரத்தில் சொல்லத் தொடங்குவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகத் தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும் இருப்பார்கள். ஒரு பக்கத்துச் சேதி முந்திக்கொண்டால் மறுபக்கத்தில் மனத்தாங்கல் வரும்.

எவ்வளவு முன்னால் சொல்வது?

இதை ரயிலை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். முன்பு 120 நாளுக்கு முன்னால் டிக்கெட் எடுக்கலாம் என்றிருந்தது. 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகிவிட்டது. உதாரணத்துக்கு, திருநெல்வேலியில் ஆகஸ்ட் 23 ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம், முந்தின நாள் சனிக்கிழமை மாலை வரவேற்பு என்று வையுங்கள். சென்னைக்காரர்கள் வெள்ளிக்கிழமை, 21ஆம் தேதி இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால்தான் சனிக்கிழமை காலையில் வந்து குளித்து, கொஞ்சம் கண்ணயர்ந்து, மாலைக்குத் தயாராக முடியும். அந்த ரயிலுக்கான முன்பதிவு ஜூன் 22 காலை 8 மணிக்குத் திறக்கும். ஞாயிறு இரவு திரும்புவதற்கு ஜூன் 24. ஆக, ஜூன் இரண்டாம் வாரத்துக்குள், அதாவது ஆனி பிறக்கிற சமயத்தில், சேதி அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

முன்பதிவு திறக்கும் அந்த நாளையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்து டிக்கெட் எடுக்கிறவர்கள் குறைவு. திறந்த உடனே எடுக்க ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு வேண்டும் என்பதால், வயதானவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வீட்டுப் பையன் ஒருவனை இப்போதே நியமித்து வைப்பது நல்லது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு இந்த 60 நாள் கணக்கு உதவாது. அவர்கள் லீவு கேட்க வேண்டும், விமான டிக்கெட் பார்க்க வேண்டும். மண்டப ரசீது கைக்கு வந்த அன்றைக்கே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அவசரமே இல்லை.

யாருக்கு முதலில்?

தாய்மாமன், அத்தை, பங்காளி வீடுகளில் பெரியவர்கள், ஊரில் எந்த நல்லது கெட்டதுக்கும் முன்னால் நிற்கிற ஒன்றிரண்டு பேர். இவர்களுக்கு வாட்ஸ்அப் கூடாது. போன் போட்டுத்தான் சொல்ல வேண்டும், அதையும் பெற்றவர்களே சொல்ல வேண்டும். “அண்ணே, பிள்ளைக்குத் தேதி குறிச்சாச்சு. உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுதேன். பத்திரிகை அடிச்சதும் நேர்ல வந்து வைக்கோம்” என்று தங்கை சொன்னால் அண்ணனுக்கு அது போதும். அதே சேதி மருமகளின் ஸ்டேட்டஸ் வழியாக அவருக்குத் தெரியவந்தால், பிறகு தாம்பூலத் தட்டோடு போய் நின்றாலும் “எங்களுக்கு அப்பவே தெரியுமே” என்பார். அந்த வாக்கியத்தின் பொருள் எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் தெரியும்.

அதனால் ஒரு நோட்டில் மூன்று பிரிவாகப் பெயர்களை எழுதுங்கள்: போனில் சொல்ல வேண்டியவர்கள், வாட்ஸ்அப் போதுமானவர்கள், இரண்டும் இல்லாதவர்கள். முதல் பிரிவு முழுதாக முடியாமல் இரண்டாவதைத் தொடாதீர்கள். பெண்ணோ மாப்பிள்ளையோ அதுவரை ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். ராகு காலம், அஷ்டமி, நவமி பார்க்கிற வீடாக இருந்தால் போன் செய்யும் நேரத்துக்கும் அதைப் பாருங்கள், காசா, பணமா?

சேதியில் என்ன இருக்க வேண்டும்?

பெயர்கள், தேதி, கிழமை, ஊர், மண்டபம். வரவேற்பு எந்த மாலை, முகூர்த்தம் எந்தக் காலை என்பது கட்டாயம் வேண்டும். நம் பக்கத்தில் பல ஊர்களில் வரவேற்பு முந்தின நாளே வந்துவிடுகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் வெளியூர்க்காரர்கள் ஒரு நாள் பிந்தி டிக்கெட் எடுத்துவிடுவார்கள். முகூர்த்த நேரம் முடிவாகவில்லையென்றால் ‘காலை’ என்று மட்டும் போடுங்கள். எழுதும் விதம் இப்படி இருக்கலாம்:

“எங்கள் மகள் திருமணம் இறையருளால் நிச்சயமாகியுள்ளது. ஆகஸ்ட் 23 ஞாயிறு காலை முகூர்த்தம். 22 சனி மாலை வரவேற்பு. இடம் திருநெல்வேலி. ரயிலில் வருபவர்களுக்கு 21ஆம் தேதி வண்டிக்கான முன்பதிவு ஜூன் 22 காலை 8 மணிக்குத் தொடங்கும். இது தேதியைத் தெரிவிக்க மட்டுமே. பத்திரிகையுடன் பிறகு அழைக்கிறோம்.”

கடைசி இரண்டு வரிகளை மறந்துவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால், “அழைப்பையே வாட்ஸ்அப்பில் முடித்துவிட்டார்கள்” என்ற பேச்சு கிளம்பிவிடும்.

அழகாக வேண்டுமென்றால் கான்வாவில் இலவசமாகவே ஒரு படம் செய்துகொள்ளலாம். ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, மீரா இனிமை போன்ற தமிழ் எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் காசில்லாமல் கிடைக்கின்றன. எழுத்து பெரிதாக இருக்கட்டும். சரிகைப் பார்டருக்குள் பொடி எழுத்தில் தேதி போட்டால் அறுபது வயதுக்காரர் யாரும் படிக்க மாட்டார். படத்தோடு அதே விவரத்தைத் தட்டச்சு செய்தும் அனுப்புங்கள். பின்னால் தேடி எடுக்க அதுதான் உதவும்.

அனுப்பும் முறை

குரூப் தொடங்க வேண்டாம். ஒருவர் வாழ்த்து போட, நூறு பேர் கைகூப்ப, உங்கள் சேதி மேலே எங்கோ போய்விடும். பிராட்காஸ்ட் பட்டியல் போதும். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், பெறுபவருக்குத் தனியாக வந்த சேதி போலவே தெரியும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போகும். சொந்தக்காரர்கள் பதிந்து வைத்திருப்பது பெரும்பாலும் அப்பாவின் எண்ணை. ஆகவே மகனின் புதுப் போனிலிருந்து அனுப்பாமல் அப்பாவின் போனிலிருந்து அனுப்புங்கள்.

கோப்பாக எதையும் அனுப்பாதீர்கள், சுட்டியும் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு அனுப்பி, திறந்தவர்களின் வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி பற்றிப் போலீஸ் எச்சரித்திருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் இப்போது பத்திரிகை என்ற பெயரில் வரும் கோப்பைத் திறப்பதில்லை. திறக்கக் கூடாது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது பிரிவில் பத்திருபது பேர் இருப்பார்கள். பழைய வாத்தியார், காது சரியாகக் கேட்காத பெரியப்பா, போனையே தொடாத ஆச்சி. இவர்களுக்கு அஞ்சலட்டை போதும். 50 காசு அட்டையில் கையால் எழுதுங்கள். அச்சடித்தால் அது 6 ரூபாய் அட்டைக் கணக்கில் போய்விடும். கையெழுத்தில் வருவதற்கு மதிப்பும் கூடுதல்.

பணம் மிச்சமாவது இதற்குப் பிறகுதான். சேதி போனதும் பதில்கள் வரத் தொடங்கும். யார் குடும்பத்தோடு வருகிறார்கள், யார் ஒருவர் மட்டும் வருகிறார்கள், யாருக்கு அறை வேண்டும் என்று அதே நோட்டில் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். பத்திரிகை ஆளுக்கு ஒன்று வேண்டாம், வீட்டுக்கு ஒன்று போதும். குத்துமதிப்பாக ஆயிரம் அடித்துவிட்டுக் கட்டுக்கட்டாகப் பரணில் போடுவதைவிட, இந்த நோட்டை எடுத்துக்கொண்டு சென்னை ஆண்டர்சன் தெருவுக்கோ சிவகாசிக்கோ போனால் தேவையான அளவு மட்டும் அடிக்கலாம். சமையல்காரரிடம் எத்தனை இலை என்று சொல்லவும் இதே நோட்டுதான். எவ்வளவு குறைத்து அடித்தாலும் நாலைந்து பத்திரிகையைத் தனியே எடுத்து வையுங்கள்; திருமணத்தைப் பதிவு செய்யக் கேட்கும் ஆவணங்களில் அதுவும் ஒன்று.

இவ்வளவுக்கும் பிறகு தேதி மாற நேரலாம். வீட்டில் ஒரு சாவு விழுந்தாலோ மண்டபத்தில் ஏதாவது சிக்கல் வந்தாலோ வேறு வழியில்லை. அப்போதும் அதே நோட்டு, அதே வரிசை: முதல் பிரிவுக்குப் போன், பிறகு பிராட்காஸ்ட், பிறகு அட்டை. ரயில் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னவர்களை மட்டும் வரிசை பாராமல் அன்றைக்கே கூப்பிட்டுவிடுங்கள். ரத்து செய்யத் தாமதமாக ஆகப் பிடித்தமும் கூடும்.