தொழிற்கூடத்துக்கு ஏற்ற எல்.இ.டி. விளக்கு

தொழிற்கூடத்தில் விளக்கு அலங்காரப் பொருளன்று. தறியையும் நாடாவையும் போல அதுவும் ஒரு தொழிற்கருவியே. திறன் மிக்க நீலநிற எல்.இ.டி.யை உருவாக்கியமைக்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பெற்றது. நீல ஒளியின் ஒரு பகுதியைப் பாஸ்பர் பூச்சு மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளொளி பிறக்கிறது. இவ்விளக்கு மின்சாரச் செலவைக் குறைக்கும் என்பதை யாவரும் அறிவர். ஆயினும், வீட்டு விளக்கையே தொழிற்கூடத்திலும் மாட்டுவது சிக்கனமாகாது. அதன் காரணங்கள் நான்கு.

1. வெப்பம்: எல்.இ.டி.யில் உண்டாகும் வெப்பம் ஒளியோடு முன்னே செல்வதில்லை; பின்புறமுள்ள அலுமினிய மடிப்புகளின் வழியே வெளியேற வேண்டும். அம்மடிப்புகளில் பஞ்சுத் துகள் படிந்தால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். மின்னோட்டத்தைச் சீர்செய்யும் ‘டிரைவர்’ பெட்டியிலுள்ள மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேட் உயரும்தோறும் ஏறக்குறைய பாதியாகும். பல சமயங்களில் விளக்கு அணைவதற்கு டிரைவர் கெடுவதே காரணம். ஆகையால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு மடிப்புகளைத் துடைப்பதை முறையான வேலையாகக் கொள்ளல் வேண்டும்.

2. தூசும் நீரும்: விளக்கின் மீது ‘ஐ.பி.’ என்ற எழுத்துகளுக்குப்பின் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது தூசுக் காப்பு; இரண்டாவது நீர்க் காப்பு. ஐ.பி. 20 உலர்ந்த அறைக்கே உரியது. ஐ.பி. 65 தூசு புகாதது; குழாயால் பீய்ச்சும் நீரையும் தாங்கும். பஞ்சு பறக்கும் கூடத்துக்கும் ஈரம் மிகுந்த சாயப்பட்டறைக்கும் இதுவே தக்கது. எனினும், தீப்பற்றும் ஆவி சூழும் இடத்துக்கு இவ்வெண் மட்டும் போதாது. அதற்கெனச் சான்று பெற்ற விளக்கே வேண்டும்.

3. நிறம்: ஒரு விளக்கொளியில் ஒன்றாகத் தோன்றும் இரு சாயங்கள், பகலொளியில் வேறாகத் தோன்றுவதுண்டு. இதனால் துணி திரும்பி வரின் நஷ்டம் நம்முடையதே. நிறங்காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண்ணின் உச்சம் 100. கிடங்குக்கு 80 போதும். சாயம் ஒப்பிடும் மேசைக்கு 90-க்குக் குறையலாகாது.

4. துடிப்பு: நமது மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று உடையது. தரமற்ற டிரைவர் கொண்ட விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். அவ்வொளியில் சுழலும் சக்கரம் நிற்பதுபோலத் தோன்றக்கூடும். நின்றதென்று நம்பிக் கை வைப்பவர் விரலை இழக்க நேரிடும். விளக்கின் கீழே ஒரு பென்சிலை வேகமாக அசைத்துப் பாருங்கள். தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அவ்விளக்கை யந்திரத்தருகே மாட்டலாகாது.

சங்கத்துக்கு விளக்கு வாங்கும்போது வாட் அளவையும் விலையையும் மட்டும் கேளாமல், லூமன், ஐ.பி. எண், சி.ஆர்.ஐ. எண், டிரைவருக்கான உத்தரவாதம் ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுக. விலையில் மிச்சம் பிடிக்கலாம். தொழிலாளியின் கண்ணிலும் கையிலும் மிச்சம் பிடித்தல் தகாது.