பொதிகையில் நிற்காத அகஸ்தியர்

பிசான நெல் முற்றும் மாசி முற்பகுதியில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இரவு ஒன்பது மணி சுமாருக்குத் தெற்கு நோக்கி நின்றால், அடிவானுக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் தனித்துச் சுடர்வது அகஸ்திய நக்ஷத்திரம். கைலாயத் திருமணத்தின்போது சாய்ந்த பூமியைச் சமன்செய்யத் தெற்கே வந்த முனிவர் பொதிகையில் அமர்ந்ததுபோல, அவருடைய நக்ஷத்திரமும் அம்மலைமேல் அசையாது நிற்கும் தென் துருவனே என்று நம்புவோர் உண்டு. வடக்கே ஒருவர் நிலையாக இருக்கத் தெற்கே ஒருவர் வேண்டாமா என்ற நியாயம் போலும்! உண்மையில் அவர் தென் துருவத்திலிருந்து ஏறக்குறைய 37 பாகை விலகியவர். தென்கிழக்கில் உதித்து, 28 பாகை மட்டுமே ஏறி, தென்மேற்கே மலைத்தொடருக்குப் பின்னால் இறங்கிவிடுகிறார். டில்லியிலோ 9 பாகைக்குமேல் ஏறுவதே இல்லை. ஆகவே அவரைத் தெற்குக்கு உரியவராக்கிய ஐதிகத்தை நான் குறைசொல்ல மாட்டேன்.

அகஸ்தியோதயத்தில் கலங்கிய நீரெல்லாம் தெளியும் என்பது மற்றொரு நம்பிக்கை. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருஹத் சம்ஹிதையும் இதைப் பேசுகிறது. வடநாட்டில் அவர் வைகறையில் தோன்றுவது மழை ஓயும் சரத்காலத்தை ஒட்டியாதலால், ஆறுகள் தெளிவதற்கும் அவருக்கும் உறவு கற்பித்தார்கள். இங்கோ, அட்சரேகை தெற்கே தள்ளியிருப்பதால், ஆடி மாதத்திலேயே விடியுமுன் உதித்துவிடுகிறார். அப்போது குற்றாலத்தில் சாரல் உச்சம். பேரருவி செம்மண் நிறத்தில் பெருக்கெடுத்துக் குளிக்கத் தடை போடும் காலம். நீர் தெளிவது இருக்கட்டும், அவர் உதித்ததைப் பார்க்கவே மேகம் விடாது!

இரவு வானின் நக்ஷத்திரங்களுள் பிரகாசத்தில் லுப்தகத்துக்கு (சிரியஸ்) அடுத்தபடியானவர் ஆதலால் அதைவிடச் சிறியவர் என்று கொள்வதும் தவறு. லுப்தகம் எட்டரை ஒளியாண்டுத் தொலைவில், கிட்டத்தட்ட அடுத்த வீட்டில், இருக்கிறது. அகஸ்தியரோ சுமார் 310 ஒளியாண்டுகளுக்கு அப்பால், சூரியனைப்போல் எழுபது மடங்கு விட்டமும் பதினாயிரம் மடங்குக்கு மேற்பட்ட ஒளியும் கொண்ட ராட்சதர். இன்றிரவு நம் கண்ணில் படும் கிரணம் அங்கிருந்து கிளம்பியது, மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடிய பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி.