நல்ல நோக்கமும் தீய செயலும்

கற்பனைக் கதையைத் தழுவிய கணினி விளையாட்டுகள் இன்று நம் இல்லத்துச் சிறுவரும் இளைஞரும் விரும்பி ஆடுபவை. அக்கதைகளில் வரும் தீயோருள் சிலர் நல்ல நோக்கத்துடன் தொடங்கியவர்கள். அத்தகையோர் நம் இரக்கத்திற்கு உரியவரா? ஒரு சான்று கொண்டு ஆராய்வோம்.

பிளிசார்ட் நிறுவனம் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வார்கிராஃப்ட் 3’ என்னும் விளையாட்டில் ஆர்த்தஸ் என்பவன் லார்டரான் நாட்டு இளவரசன். எளியோரைக் காக்க உறுதி பூண்ட வீரன். அந்நாட்டில் தானியத்தின் வழியே ஒரு கொடுநோய் பரப்பப்படுகிறது. அதனை உண்டவர் இறந்து, பகைவரின் ஏவலுக்கு ஆட்பட்ட நடைப்பிணங்களாக எழுகின்றனர். ஸ்ட்ராத்ஹோம் நகருக்கு ஆர்த்தஸ் வந்து சேரும் முன்னரே தானியம் மக்களுக்குப் பங்கிடப்பட்டுவிட்டது. நகர மக்கள் அனைவரையும் கொன்றுவிட அவன் முடிவு செய்கிறான். அவனுடைய ஆசான் ஊதர் மறுக்கிறார். அவன் அன்புக்குரிய ஜெய்னாவும் விலகிச் செல்கிறாள்.

அவன் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்போம். கையில் மருந்து இல்லை, காலமும் இல்லை, விட்டுவிட்டால் நகர் முழுவதும் பகைவனின் படையாகும். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் நோயைத் தீர்க்க வழி உண்டா என்று அவன் தேடவில்லை; தானியத்தை உண்ணாதவர் எவரேனும் உளரா என்று வினவவுமில்லை. மறுத்துரைத்த ஆசானைத் துரோகி என்று பழித்தான். மாற்றுவழி காட்டக் கூடியவரை விலக்கிவிட்டு, வேறு வழியில்லை என்பது எத்தகைய நியாயம்?

அடுத்து நிகழ்ந்தவை இதனைத் தெளிவாக்கும். மால்கானிஸ் என்னும் பகைவனைத் துரத்தி அவன் வடதிசைக் கண்டம் செல்கிறான். படை திரும்ப வேண்டுமென அரசாணை வருகிறது. வீரர்கள் திரும்பாதிருக்க, கூலிப்படையினரைக் கொண்டு தன் கப்பல்களையே எரிக்கிறான். பின்னர் அப்பழியை அவர்கள்மீதே சுமத்திக் கொல்விக்கிறான். இங்கே காப்பதற்கு ஒரு நகரமும் இல்லை. கொலை பொய்யை அழைத்து வந்தது. மக்களைக் காக்கும் நோக்கம் பழிவாங்கும் வெறியாக மாறியது. இறுதியில், சாபமுற்ற வாளை ஏந்தி வந்து தன் தந்தையையே கொல்கிறான்.

ஆகவே இரக்கம் வேறு, இசைவு வேறு என்பதை உணர்தல் வேண்டும். நல்லவன் ஒருவன் படிப்படியாக வீழ்வதைக் கண்டு இரங்குவது மனிதப் பண்பு. அவ்விரக்கமே அவன் செயலுக்கு நியாயமாகிவிடக் கூடாது. தன் கதையைச் சொல்ல வாய்ப்பே பெறாத ஸ்ட்ராத்ஹோம் மக்களும் அவ்விரக்கத்திற்கு உரியவரே.

மற்றொன்றும் கருதத்தக்கது. நூலைப் படிப்பவர் தீச்செயலைக் காண்கின்றார்; விளையாட்டிலோ ஆடுபவரின் கையே அதனைச் செய்கின்றது. நகர மக்களுள் 100 பேரை மால்கானிஸ் கைப்பற்றும் முன், ஆடுபவர் 100 பேரை அழித்தால்தான் கதை மேலே செல்லும். வென்றோம் என்னும் மகிழ்ச்சியில், செய்தது இன்னதென்று எண்ணாமல் போவது எளிது.

எனவே பெற்றோர் இவ்விளையாட்டைக் கண்டு சினந்து கணினியை மூடிவிடுவதினும், பிள்ளையின் அருகமர்ந்து, “இக்கதையில் நீ ஆர்த்தஸாக இருந்தால் எந்த இடத்தில் நின்றிருப்பாய்?” என்று கேட்பது நலம். நகர வாயிலிலா, கப்பல்களின் அருகிலா, வாளைத் தொடும் முன்னரா? அவ்விடையைத் தேடும் பிள்ளை, நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதைத் தானே அறிந்துகொள்ளும்.